புகை குறைந்தது, விலை கொடுத்தது யார்? ஜூரோங் சொல்லும் போக்குவரத்து வரலாறு



"அன்றாடப் பயணமும் சுற்றுச்சூழலும்" என்று ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் பெரும்பாலான தாள்களில் ஒரே பத்திதான் வருகிறது. காரைக் குறைக்க வேண்டும், பேருந்திலும் எம்ஆர்டியிலும் போக வேண்டும், பக்கத்துக் கடைக்கு மிதிவண்டியில் போக வேண்டும், பூமியைக் காப்பாற்ற வேண்டும். தப்பே இல்லை. ஆனால் திருத்துகிற ஆசிரியர் அதே பத்தியை முப்பது தடவை படிச்சிருப்பார். அந்தப் பத்தியில் இரண்டு குறைகள் உண்டு. அதில் வரலாறு இல்லை. இந்த ஊரில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற செய்தி இல்லை. மனிதரும் இல்லை, காரைக் குறைத்தபோது யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம் என்ற கேள்வி இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் தீர்க்க உதவும் செய்திகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மையமாக ஜூரோங்கை வைத்துக்கொள்வோம். ஏன் ஜூரோங்? வேலை செய்யும் இடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் என்ன பாடு படுத்தும் என்பதைச் சிங்கப்பூரில் முதலில் பெரிய அளவில் கண்ட இடம் அதுதான்.

படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: இந்த நடவடிக்கையால் எவ்வளவு புகை, எவ்வளவு நெரிசல் குறைந்தது? இரண்டு: அதற்கு விலை கொடுத்தவர் யார்? மூன்று: பழைய வழியை அடைக்கும் முன்பே மாற்று வழி வந்ததா, அடைத்த பிறகு வந்ததா, இன்னும் வரவே இல்லையா? மூன்றாவது கேள்வியைத்தான் நாம் வழக்கமாக மறந்துவிடுகிறோம்.

வேலை முன்னே, வழி பின்னே

1960களின் தொடக்கத்தில் ஜூரோங் சதுப்பு நிலமும் சிறு குன்றுகளும் இறால் குளங்களும் ரப்பர் தோட்டங்களுமாக இருந்தது. அங்கே ஒரு தொழிற்பேட்டை அமைக்க வேண்டும் என்று அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ உறுதியாக நின்றார். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் உருவானது. அதன் முதல் தலைவர் ஹோன் சுய் சென். குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் நிறுவனங்கள் மெதுவாகத்தான் வந்தன. காலி மனைகளைப் பார்த்தவர்கள் அதைக் கோவின் அசட்டுத்தனம் என்று கேலி பேசினார்கள்.

அப்போது நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 1960களின் நடுவில் புக்கிட் தீமா பக்கமிருந்து ஜூரோங்குக்கு ஒரு கிளை ரயில்பாதை போட்டார்கள். அது சரக்குக்கு. வேலைக்குப் போகிற மனிதர்களுக்கு ரயில் இல்லை. அவர்கள் நகரத்திலிருந்து பேருந்து மாறி மாறி வந்தார்கள். இரும்பும் மரமும் ரயிலில் போயின. அவற்றோடு வேலை செய்தவர்கள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். அவர்களுக்கான ரயில் ஜூரோங்கை எட்ட இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினால் தூரப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அப்படியும் முயன்றார்கள். தாமான் ஜூரோங்கில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆனால் மக்கள் தயங்கினார்கள். சந்தை, பள்ளி, திரையரங்கு, சொந்தபந்தம் எல்லாம் நகரத்தில் இருக்க, வெறும் ஆலைப் புகைக்கு நடுவில் யார் குடிபோவார்கள்? 1968இல் தொடங்கப்பட்ட ஜூரோங் நகராண்மைக் கழகம் இதைப் புரிந்துகொண்டது. 1971இல் பறவைப் பூங்கா திறந்தது, அதே ஆண்டில் காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கும் வந்தது. 1973இல் ஜப்பானியத் தோட்டம், 1975இல் சீனத் தோட்டம். நாம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன இடங்கள் பலவும் இப்படி ஊரை வாழத் தகுந்ததாக்க எடுத்த முயற்சிகள்தாம். வீடும் வேலையும் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, வாழ்க்கையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பாடம் இங்கே கிடைக்கிறது. இதைப் பின்னால் தேக்காவுக்குப் போகும்போது மறுபடியும் பார்ப்போம்.

உரிமம் இல்லாத டாக்சிகள்

அந்தக் காலத்துப் பேருந்து எப்படி இருந்தது? பல நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்டாரம். பழுதாகி வழியில் நிற்கும் வண்டிகள், நிச்சயமில்லாத நேரம். அந்த இடைவெளியை நிரப்பியவை 'பைரேட் டாக்சி' எனப்பட்ட உரிமம் இல்லாத டாக்சிகள். நாலைந்து பேர் சேர்ந்து ஏறி, ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து வேலைக்குப் போவார்கள். இன்றைய பார்வையில் பார்த்தால், ஒரு வண்டியில் பலர் பகிர்ந்து போவது நல்ல பழக்கம்தானே? ஆனால் அவற்றுக்குக் காப்புறுதியும் இல்லை, முறையான பரிசோதனையும் இல்லை. பேருந்தின் பயணிகளையும் அவை இழுத்துக்கொண்டன.

1970இல் அரசாங்கம் பேருந்து, டாக்சிச் சேவைகளைச் சீரமைக்கும் வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. உரிமம் இல்லாத டாக்சிகள் படிப்படியாக ஒடுக்கப்பட்டன. அதே ஆண்டில் தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் 'கம்ஃபர்ட்' டாக்சிக் கூட்டுறவை அமைத்தது. பழைய ஓட்டுநர்கள் உரிமத்தோடு டாக்சி ஓட்ட அது வழி செய்தது. பேருந்து நிறுவனங்கள் 1971இல் இணைக்கப்பட்டு, 1973 ஜூலையில் 'சிங்கப்பூர் பஸ் சர்வீஸ்' என்ற ஒரே நிறுவனமாயின. மூன்றாவது கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு வழியை மூடும்போதே ஓட்டுநருக்குப் பிழைப்பும் பயணிக்குப் பேருந்தும் தர முயன்றார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. புதிய நிறுவனத்தின் பேருந்துகளும் ஆரம்பத்தில் திணறத்தான் செய்தன. ஆனாலும் அடைப்பதும் திறப்பதும் கைகோத்துப் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

1975: மூன்று வெள்ளிச் சீட்டு

இனி ஜூரோங்கிலிருந்து நகருக்குள் வருவோம். சுற்றுச்சூழல் அப்போதே அரசாங்கத்தின் கவனத்தில் இருந்தது. 1970இல் பிரதமர் அலுவலகத்தின்கீழ் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு தொடங்கியது, 1971இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கார் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. இந்தச் சிறிய தீவில் எல்லாரும் காரில் போக இடமே இருக்காது என்று 1967 முதல் 1971 வரை நடந்த நகரத் திட்ட ஆய்வு எச்சரித்தது.

1975 ஜூன் 2ஆம் தேதி, உலகில் வேறெந்த நகரமும் அதுவரை செய்யாத ஒன்றைச் சிங்கப்பூர் செய்தது. நகர மையத்தைச் சுற்றி எல்லை போட்டு, காலை 7.30 முதல் 9.30 வரை உள்ளே வரும் கார்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. ஒரு நாளைக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று நுழைவிடத்தில் காவலர் நின்று பார்ப்பார். பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்கும் இல்லை.

விளைவு உடனே தெரிந்தது. அந்த நேரத்தில் நுழைந்த கார்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தன. ஆனால் மனிதர் எப்போதும் இடுக்குத் தேடுவார் அல்லவா? 9.30 தாண்டியதும் கார்கள் திரண்டு வந்தன. ஆகஸ்ட்டிலிருந்து நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். டாக்சிக்கு முதலில் விலக்கு இருந்தது. காரைவிட்டு டாக்சியில் ஏறுவோர் பெருகவே, மூன்றே வாரத்தில் அந்த விலக்கும் போனது. எல்லைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுச் சிறு பேருந்தில் உள்ளே போகலாம் என்று சுமார் 10,000 நிறுத்துமிடங்கள் ஏற்பாடு செய்தார்கள். அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. மக்கள் பேருந்துக்கு மாறினார்கள், கூட்டாகக் காரில் போனார்கள், நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பாதி வழியில் இறங்கி வண்டி மாற மட்டும் விரும்பவில்லை.

விலை கொடுத்தது யார்? அன்று கார் வைத்திருந்தவர் சிறுபான்மை. பேருந்தில் நின்றுகொண்டு போன பெரும்பான்மைக்குச் சாலை காலியானது, பேருந்து வேகமாகப் போனது. ஆக, சுற்றுச்சூழலும் சமூக நியாயமும் ஒரே பக்கம் நின்ற அரிய தருணம் இது. அதோடு, முந்திய ஆண்டே பள்ளிப் பேருந்து போன்ற தனியார் வண்டிகளை உச்ச நேரத்தில் பொதுச்சேவைக்கு ஓட அனுமதித்திருந்தார்கள். பூட்டுப் போடும் முன்பே இன்னொரு கதவைத் திறந்துவைத்திருந்தார்கள்.

லண்டன் இதே வழிக்கு 2003 பிப்ரவரியில்தான் வந்தது. அங்கே தொடக்கக் கட்டணம் 5 பவுண்ட். கிடைக்கும் பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஒப்பிட்டு எழுத இது நல்ல எடுத்துக்காட்டு.

ரயிலா, பேருந்தா?

அடுத்து வந்தது பெரிய விவாதம். ரயில் கட்டுவதா, பேருந்தையே பெருக்குவதா? ரயிலுக்கு ஆகும் செலவு சுமார் 5 பில்லியன் வெள்ளி. அதுவரை இந்த நாடு கண்டிராத தொகை. ஜூரோங்கை உருவாக்கிய அதே கோ கெங் சுவீ ரயிலைச் சந்தேகத்தோடு பார்த்தார். 1980இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழு, பேருந்து மட்டுமே போதும் என்றது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயிலுக்காக வாதாடினார். தொலைக்காட்சியில்கூட நிபுணர்கள் மோதிக்கொண்டார்கள். 1982 மே மாதம் ரயில் வென்றது. 1983 அக்டோபரில் வேலை தொடங்கி, 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோவரை முதல் ரயில் ஓடியது.

ஜூரோங்குக்கு? 1988 நவம்பரில் லேக்சைட் வரை, 1990 ஜூலையில் பூன் லே வரை. அதற்கப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? பாதை அங்கேயே நின்றுவிட்டது. பயனியர், ஜூ கூன் நிலையங்கள் 2009இல் வந்தன. துவாஸ் வரை ரயில் போனது 2017 ஜூனில். அதாவது, குடியிருப்புப் பகுதிக்கு ரயில் வந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகே துவாஸ் ஆலைகளின் வாசலுக்கு ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் பூன் லேயில் இறங்கி, பேருந்துக்கோ நிறுவன வண்டிக்கோ காத்திருந்தார்கள்.

"ரயில் வந்தது, பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதாதீர்கள், மாணவர்களே. ரயில் நிலையத்திலிருந்து வேலையிடம் வரை உள்ள கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் ஒருவர் பொதுப் போக்குவரத்தை நம்புவதா, சொந்த வண்டி வாங்குவதா என்று முடிவெடுக்கிறார். அந்த இடைவெளியை நிரப்பவே 24 நிலையங்கள் கொண்ட ஜூரோங் வட்டார ரயில்பாதை இப்போது கட்டப்படுகிறது. 2027 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கத் திட்டம்.

காட்டுக்கு அடியில் ஒரு பாதை

ரயில் என்றாலே பசுமை என்று நினைக்கிறோம். ஆனால் ரயிலே சுற்றுச்சூழலோடு மோதிய சம்பவமும் உண்டு. சாங்கியிலிருந்து ஜூரோங் வரை திட்டமிடப்பட்ட குறுக்குத் தீவு ரயில்பாதை 2013இல் அறிவிக்கப்பட்டபோது, அது மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்கு அடியில் போகும் என்று தெரியவந்தது. இயற்கை ஆர்வலர்கள் கவலைப்பட்டார்கள். மண் பரிசோதனைக்காகத் துளையிடுவதுகூட ஓடைகளையும் உயிரினங்களையும் பாதிக்கலாம் என்றார்கள். காட்டைச் சுற்றிப் போகலாமே என்று கேட்டார்கள்.

அரசாங்கம் இரண்டு பாதைகளையும் ஆராய்ந்தது. சுற்றிப் போனால் பயணம் ஆறு நிமிடம் கூடும், செலவு சுமார் 2 பில்லியன் வெள்ளி கூடும். 2019 டிசம்பரில் நேர்ப்பாதை என்று முடிவானது. காட்டுக்கு அடியில் போகும் பகுதி சுமார் 70 மீட்டர் ஆழத்தில் அமையும். காட்டின் மேற்பரப்பில் எந்தக் கட்டுமானமும் இருக்காது.

ஆறு நிமிடம் அற்பம் என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கானோர் போனால் அது பெரிய தொகை. அதே சமயம், காடு தனக்காகப் பேச நாடாளுமன்றத்துக்கு வர முடியாது. அதற்காக யாராவது பேசியாக வேண்டும். இங்கே ஆர்வலர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டதால்தான் துளைகள் குறைக்கப்பட்டன, வேலை முறைகள் மாற்றப்பட்டன. எந்த முடிவு சரி என்று வகுப்பில் விவாதிக்கலாம். இரு பக்கமும் நியாயம் உண்டு.

விலை போடும் பூட்டு

1990 மே மாதத்தில் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. சிஓஇ என்று நாம் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தால்தான் வண்டி வாங்கலாம். அதுவும் பத்து ஆண்டுக்குத்தான். 1998இல் காகிதச் சீட்டு போய், இஆர்பி எனப்படும் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. 2018 பிப்ரவரி முதல் கார், மோட்டார்சைக்கிள் எண்ணிக்கை வளர்ச்சி பூஜ்ய விழுக்காடு.

காற்றுக்கும் சாலைக்கும் இது நல்லது. இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஏலம் பணப்பையைப் பார்க்கிறது, தேவையைப் பார்ப்பதில்லை. 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே 100,000 வெள்ளியைத் தாண்டியது. கார் ஆடம்பரம், போகட்டும் என்று விட்டுவிடலாம். மோட்டார்சைக்கிள்? முதல் ரயிலுக்கு முன்பே துவாஸில் வேலைக்கு நிற்க வேண்டியவர், உணவு விநியோகிப்பவர், பழுது பார்க்கப் போகும் தொழில்நுட்பர் இவர்களுக்கு அது பிழைப்புக் கருவி. 2022இல் அதன் சான்றிதழ் 12,000 வெள்ளியைத் தாண்டியது. பல சமயம் வண்டியின் விலையைவிட அந்தத் தாளின் விலை அதிகம். மாதம் ஏழாயிரம் வாங்குபவருக்கும் இரண்டாயிரம் வாங்குபவருக்கும் ஒரே ஏலம்.

இதோடு ஒன்றை ஒப்பிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நிறுத்தப்பட்டது. அந்தத் தூய்மை பணக்காரர் நுரையீரலுக்கும் ஏழை நுரையீரலுக்கும் சமமாகக் கிடைத்தது. எரிபொருள் தரத்தை உயர்த்துவது ஒரு வகை, விலையை உயர்த்துவது இன்னொரு வகை. இரண்டும் சுற்றுச்சூழல் நடவடிக்கைகள்தாம். சுமை விழும் இடம் வேறு.

விலைப் பூட்டுக்கு எதிர்த்தட்டில் சில எடைகளும் வைக்கப்பட்டன. 2014 ஜூலையில் குறைந்த வருமான ஊழியர்களுக்கும் உடற்குறையுள்ளோருக்கும் பயணக் கட்டணச் சலுகை வந்தது. லாபம் வராத தடத்திலும் பேருந்து ஓட வேண்டும் என்பதற்காக அரசாங்கமே தடங்களைத் தீர்மானித்து, நடத்துவதை ஒப்பந்தத்துக்கு விடும் முறை 2016இல் நடப்புக்கு வந்தது. அதன் முதல் தொகுப்பு ஜூரோங்கின் பூலிம் பணிமனையிலிருந்து புறப்பட்ட 26 தடங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது சமூக நலத் திட்டம் என்று பேசப்பட்டாலும், பேருந்தை நிரப்புகிற திட்டம் என்பதால் சுற்றுச்சூழல் திட்டமும்தான்.

ஒரே இரவில் மாறிய சட்டம்

இப்போது மூன்றாவது கேள்வியில் சிக்கிக்கொண்ட ஒரு நிகழ்வு. மின்ஸ்கூட்டர் வந்தபோது எல்லாரும் வரவேற்றோம். புகை இல்லை, சின்ன வண்டி, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஏற்றது. ஆனால் நடைபாதையில் அது விரைந்து வந்தபோது மூத்தோரும் குழந்தைகளும் பயந்தார்கள். விபத்துகள் நடந்தன. 2019 நவம்பர் 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவிப்பு. 5ஆம் தேதி முதல் நடைபாதையில் தடை. அன்று நடைபாதைகள் சுமார் 5,500 கிலோமீட்டர். மின்ஸ்கூட்டர் போகக்கூடிய மிதிவண்டிப் பாதைகள் சுமார் 440 கிலோமீட்டர்தான்.

நடப்பவரின் பாதுகாப்பு நியாயமான கோரிக்கை. இன்னொரு பக்கத்தில் மின்ஸ்கூட்டரை நம்பி உணவு விநியோகித்தவர்கள் சுமார் 7,000 பேர். அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து முறையிட்டார்கள். சில நாள்களில் மின்மிதிவண்டிக்கு மாற 7 மில்லியன் வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. உதவி வந்தது, ஆனால் தடைக்குப் பிறகு வந்தது. 1975இல் மாற்று வழி முன்னே வந்தது, 2019இல் பின்னே வந்தது. நடுவில் போன சில நாள் வருமானம், அன்றாடம் சம்பாதிப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லீங்க.

லாரியில் போகிறவர்கள்

கடைசியாக, மாற்று வழி இன்னும் வராத இடம். விடியற்காலையில் ஜூரோங், துவாஸ் சாலைகளில் லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலையிடத்துக்குப் போகும் வெளிநாட்டு ஊழியர்களை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள். நாம் போகும் ரயில்பாதையைக் கட்டுபவர்களும் அவர்களில் உண்டு.

இங்கே முதல் கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரே வண்டியில் இருபது பேரும் கருவிகளும் சேர்ந்து போகின்றன. தலைக்கு எவ்வளவு புகை என்று கணக்குப் போட்டால், தனியாகக் காரில் போகிறவரைவிட லாரியில் போகிறவர் எவ்வளவோ மேல்! அப்படின்னா அது நல்ல பயணமா? இருக்கைப் பட்டை இல்லை. மோதினால் உடம்புதான் தாங்க வேண்டும். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் லாரியில் வந்த இருவர் உயிரிழந்தார்கள், மேலும் பலர் காயமடைந்தார்கள். புகைக் கணக்கு மட்டும் ஒரு பயணத்தின் நன்மையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பாதுகாப்பு படிப்படியாகக் கூட்டப்பட்டது உண்மை. லாரிக்குக் கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் கட்டாயமாயின. 2023 ஜனவரி முதல் மழைத் தடுப்பும், பயணத்தின்போது கவனித்துக்கொள்ள ஓர் ஊழியரும் வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தபோது, லாரியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும் என்று சமூக அமைப்புகள் கேட்டன. தொழில் அமைப்புகள் பதில் சொன்னன: பேருந்தும் ஓட்டுநரும் போதவில்லை, செலவு தாங்காது, சிறு நிறுவனங்கள் மூடவேண்டி வரும், வீட்டுக் கட்டுமானம் தாமதமாகும். சாலையில் வண்டிகள் பெருகி நெரிசல் கூடும் என்ற வாதமும் எழுந்தது. காரைக் குறைக்க 1975இல் சொன்ன அதே நெரிசல், இங்கே லாரியை நிறுத்த முடியாததற்குக் காரணமாகச் சொல்லப்படுவதைக் கவனியுங்கள். கார்க்காரருக்காகப் பத்தாயிரம் நிறுத்துமிடம் ஏற்பாடு செய்து பார்த்த ஊரில், லாரிக்காரருக்கு மாற்று வண்டி இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

தேக்காவும் பக்கத்து நகரமும்

2019இல் வெளிவந்த நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் 2040 ஒரு நல்ல கனவைச் சொல்கிறது. வீட்டிலிருந்து அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடம், வேலைக்கு 45 நிமிடம், பெரும்பாலும் நடந்தோ மிதிவண்டியிலோ பொதுப் போக்குவரத்திலோ. ஜூரோங் ஏரி வட்டாரத்தை இன்னொரு வர்த்தக மையமாக்குவதும் இதில் சேரும். போகவே தேவையில்லாத பயணம்தான் மிகத் தூய்மையான பயணம் என்பது இதன் அடிப்படை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் விடுதியிலிருந்து தேக்காவுக்குப் போகும் ஓர் ஊழியரை நினைத்துப் பாருங்க. விடுதிக்குப் பக்கத்திலேயே கடையும் பொழுதுபோக்கு மையமும் இருக்கலாம். சிராங்கூன் சாலையில் இருப்பது வேறு: கோயில், ஊர்க்காரன், வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடை, வாழையிலைச் சாப்பாடு, தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் மனிதர்கள். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஞாயிறு தனியார் பேருந்துச் சேவைகள் குறைக்கப்பட்டன. கூட்டம் குறைந்ததில் அங்கே குடியிருப்போருக்கு நிம்மதி கிடைத்தது. ஊழியருக்கோ வாரத்தின் ஒரே விடுமுறையில் வழி சுருங்கியது. பயணத்தைக் குறைப்பது நல்லதுதான். யாருடைய பயணத்தை, யாருடைய விருப்பத்தோடு என்பதையும் கேட்க வேண்டும். 1960களில் தாமான் ஜூரோங்குக்குக் குடிபோகத் தயங்கியவர்கள் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார்கள்.

மாணவர்களுக்கு: கட்டுரையில் பயன்படுத்தும் முறை

வாதக் கட்டுரை எழுதும்போது எல்லாச் செய்தியையும் கொட்டாதீர்கள். ஒரு நிகழ்வைத் தேர்ந்து மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதினாலே ஒரு நல்ல பத்தி கிடைக்கும். மாதிரிக்கு ஒன்று:

"1975இல் நகருக்குள் நுழையும் கார்களுக்குச் சிங்கப்பூர் கட்டணம் விதித்தது. அந்நேரத்தில் வந்த கார்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தன. சுமையை ஏற்றவர்கள் கார் வைத்திருந்த சிறுபான்மையினர். பயன் பெற்றவர்கள் பேருந்துப் பயணிகள். மாறாக, 2019இல் மின்ஸ்கூட்டர் தடைக்குப் பிறகே உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. எனவே, சுற்றுச்சூழலுக்கும் பாதுகாப்புக்கும் விதிக்கும் கட்டுப்பாடு நியாயமாக அமைய, மாற்று ஏற்பாடு அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து."

இதை மனப்பாடம் செய்யாதீர்கள். நிகழ்வை மாற்றி, உங்கள் சொற்களில் எழுதிப் பழகுங்கள். ஆண்டும் எண்ணிக்கையும் நினைவில்லை என்றால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்; "1970களில்" என்று எழுதினால் போதும்.

ஆசிரியர்களுக்கு: வகுப்பு நடவடிக்கை

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள்: துவாஸில் அதிகாலை வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிளோட்டி, நடைபாதையில் நடக்கும் மூத்தோர், உணவு விநியோகிப்பவர், சிறு கட்டுமான நிறுவன முதலாளி, லாரியில் போகும் ஊழியர். "ஜூரோங்கில் ஒரு சாலையைக் காருக்கும் லாரிக்கும் மூடி, பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் விடப்போகிறோம்" என்று ஒரு கற்பனை அறிவிப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு நிமிடம் பேசட்டும்: தனக்கு என்ன நன்மை, என்ன இழப்பு, சாலையை மூடும் முன்பு என்ன மாற்று வேண்டும்? பிறகு குழுக்கள் தங்களுக்குள் பாத்திரம் மாற்றிக்கொள்ளட்டும். பேச்சுத் தமிழில் விவாதித்துவிட்டு, அதையே எழுத்துத் தமிழில் ஒரு பத்தியாக எழுதச் சொன்னால் வாய்மொழித் தேர்வுக்கும் கட்டுரைக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி ஆகும்.

விவாதத்தில் லாரி ஊழியரின் பாத்திரத்தை எடுக்க யாரும் முன்வராமல் போகலாம். அந்தக் குழுவைக் காலியாக விட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் நீங்களே அந்த நாற்காலியில் உட்காருங்கள்.